ஒத்திகைப் பிள்ளை போட்ட பி.ஏ. பந்தி

உலகத்தில் எந்தக் காரியத்தையும் முதல் தடவை செய்யக் கூடாது, இரண்டாம் தடவைதான் செய்ய வேண்டும் என்று கடைசிவரை நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஒத்திகைப் பிள்ளைதான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தெருவில் யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஏதோ ஒரு நாடகக் கம்பெனியில், படுதாவுக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவர். கம்பெனி கலைந்ததும் திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருவுக்கு வந்து குடியேறினார். கம்பெனி கலைந்ததே தவிர அவர் கலையவில்லை. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று எது நடந்தாலும் வலிய வந்து தலையில் போட்டுக்கொண்டு நடத்துவார். ஒரே நிபந்தனை, முதலில் ஒத்திகை பார்த்தாக வேண்டும்.

எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பந்தல் தூணுக்கு மஞ்சள் கயிறு கட்டவைத்தார். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து இன்னொரு தரம் கட்டச் சொன்னார். அதைப் பார்த்துவிட்ட பெண்ணின் தகப்பனார், "ஏன் வே, அப்போ தூணு மூத்தாளு, எம் பொண்ணு ரெண்டாந்தாரமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

இன்னொரு சமயம் கோடிவீட்டுப் பெரியவர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். நம்மவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த நடை குறுகல். தூக்குத ஆளுக தலை நிலையில இடிக்கும். எதுக்கும் ஒருவாட்டி வெறுங்கட்டிலத் தூக்கிப் பாத்துருவோமா?" என்று மெதுவாகக் கேட்டார். பெரியவர் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். கைத்தடியை எடுத்தார். அந்தக் கோபத்திலேயே காய்ச்சல் விட்டு, அதற்கப்புறம் வெகுகாலம் சௌக்கியமாக இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் பி.ஏ. தேறிய விருந்து போய்ச் சேர்ந்தது.

இப்போது வீட்டுக்கு இரண்டு பி.ஏ. இருக்கிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சொல்வது முதல் ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. சென்னையிலிருந்து நான் தேறிவிட்டதாகத் தந்தி வந்தபோது, 'தந்தி' என்ற சொல்லைக் கேட்டதுமே என் அம்மா ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். சமாதானம் செய்து நிறுத்துவதற்குள் தெருவே கூடிவிட்டது. ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அப்பா, வந்த கூட்டத்தைப் பார்த்ததும் மார்பை நிமிர்த்தி, "வார ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் நம்ம வீட்டுல சாப்பாடு" என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ வியாழக்கெழம ஒத்திகை."

அன்று சாயங்காலமே திட்டம் தொடங்கியது. அப்பா அவியல், சாம்பார், இரண்டு பாயசம் என்று விரல் மடக்கினார். ஒத்திகைப் பிள்ளை குறுக்கிட்டார்.

"சொதி இல்லாம ஒரு விருந்தா அண்ணாச்சி?"

"சொதி கல்யாணத்துக்கு மறுநா வைக்கதுல்லா?"

"பி.ஏ.வும் கல்யாணந்தான் அண்ணாச்சி. பொண்ணு மட்டுந்தான் வரல."

அப்பா சிரித்துவிட்டார். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் கொதிக்கவிடும் அந்தச் சொதியும், கூடவே இஞ்சிப் பச்சடியும் தீர்மானமாயின. ஆனால் அம்மா மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் கதவோரம் நின்றிருந்தாள். கடைசியில், "எங்க அண்ணாச்சியக் கூப்பிட வேண்டாமா?" என்றாள்.

அப்பா மடக்கிய விரலை அப்படியே நிறுத்தினார்.

என் மாமா சேரன்மகாதேவிப் பக்கம் நிலபுலத்தோடு இருந்தவர். என் தங்கை காதுகுத்து விருந்தில் பாயசம் கொண்டுபோன ஆள் எப்படியோ அவர் இலையை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டான். மாமா இலையை மூடினார், எழுந்தார், வண்டியைப் பூட்டச் சொன்னார். அன்றோடு எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு எந்த விருந்திலும் பாயசத்தைத் தொட்டதில்லை.

"நான் போய் அழைச்சிட்டு வாரேன் மதினி. இந்தவாட்டி பாயசம் தப்பாது" என்று ஒத்திகைப் பிள்ளை கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து, "சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டாரு. ஒண்ணும் பேசல, உள்ள போயிட்டாரு" என்றார். வரமாட்டார் என்று நாங்கள் அர்த்தம் செய்துகொண்டோம். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஒத்திகை நடந்தது. முற்றத்தில் பந்திப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்து, நல்ல தலைவாழை இலையாகவே போட்டிருந்தது. இலையில் ஒன்றும் இல்லை. தெருக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் காலி வாளியும் கரண்டியுமாக ஓடினார்கள். சமையலுக்கு அமர்த்தியிருந்த தவசுப்பிள்ளை அடுப்படியில் நின்றுகொண்டு என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்: "தம்பி, இல்லாத சொதிக்கு உப்புப் பாக்கச் சொல்லுதாரு. நானும் நாக்குல விட்டுப் பாத்து, சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க! சும்மா இருந்தா எப்படி? பெசைங்க!" என்று ஒத்திகைப் பிள்ளை சத்தம் போட்டார். எல்லோரும் வெறும் இலையைப் பிசைந்தார்கள். மூன்றாம் இலைக்காரர், பக்கத்து இலைக்கு இரண்டு அப்பளம் போய்விட்டது, தனக்கு ஒன்றுதான் வந்தது என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார்.

வந்தாலும் வராவிட்டாலும் முதல் இலை மாமாவுக்கு. அவர் இல்லாததால் வெற்றிலைக்கடைக்காரரை மாமாவாக உட்கார வைத்திருந்தார் ஒத்திகைப் பிள்ளை. "மொகத்தக் கடுகடுன்னு வச்சுக்கிடும். பாயசம் வரலன்னா என்ன பண்ணுவாருன்னு பாக்கணும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தார். வெற்றிலைக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வேஷம். தொடையைத் தட்டி, மீசையை முறுக்கி, "பாயசம் எங்கவே? நான் என்ன, அழையா வீட்டுக்கா வந்துருக்கேன்?" என்று கர்ஜித்து, இலையைப் படாரென்று மூடிக்கொண்டு எழுந்தார். பந்தி கைதட்டியது.

கைதட்டல் ஒரு மூலையிலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

நடையில் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் எனக்காக வாங்கிய பத்தமடைப் பாய், சுருட்டியபடி. பின்னால் வண்டிக்காரன் தோளில் வாழைத்தார்.

அழைக்கப் போன நம்மவர் ஒத்திகையைப் பற்றியே ஆசையாகப் பேசி, "வியாழக்கெழம பதினோரு மணிக்கு இலை போடுதோம்" என்று தொடங்கியிருக்கிறார். வீறாப்பில் மாமா அதை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெற்றிலைக்கடைக்காரர் முறுக்கிய மீசையிலிருந்து கையை எடுக்கக்கூட மறந்துவிட்டார். மாமாவின் முகம் சிவந்துகொண்டே போனது. திரும்பிப் போய்விட்டாரானால் இனி இந்த ஜன்மத்தில் உறவு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒத்திகைப் பிள்ளை மட்டும் ஒரு கணமும் தயங்கவில்லை. "எந்திரும்வே, நெசமானவரு வந்துட்டாரு!" என்று வெற்றிலைக்கடைக்காரரை விரட்டினார். மாமாவின் கையிலிருந்த பத்தமடைப் பாயை வாங்கி முதலிடத்தில் விரித்தார். "வாங்க அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் காத்துருக்கு" என்று தோளைத் தொட்டு உட்கார வைத்தார். மாமா ஏன் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. புது இலை விழுந்தது. ஒத்திகைப் பிள்ளை காலி வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, இடுப்பை வளைத்து, கரண்டி நிறைய இல்லாத பாயசத்தை மொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் இலையில் விட்டார்.

"சூடா இருக்கு அண்ணாச்சி. பையச் சாப்பிடுங்க."

மாமா இலையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார்.

"முந்திரிப்பருப்பையே காணுமே வே?" என்றார்.

"அடியில கெடக்கும் அண்ணாச்சி. கிண்டிப் போடுதேன்" என்று நம்மவர் வாளிக்குள் கையைவிட்டுக் கிண்டி, இன்னொரு கரண்டி விட்டார்.

மாமாவின் மீசைதான் முதலில் ஆடியது. அப்புறம் தோள், அப்புறம் வயிறு. பந்தி முழுக்கச் சிரித்துப் புரண்டது. தவசுப்பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்றாள்.

"காலையில இருந்து பட்டினி தாயி. ஒன் வீட்டுல சாப்பிடணும்னு வெறும் வயத்தோட வந்தேன். இங்க வந்து பாத்தா காத்தப் பரிமாறுதிய" என்றார் மாமா.

அன்று வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. இருந்தது பழைய சோறும் மோர்மிளகாயும்தான். அதையே அந்தத் தலைவாழை இலையில் போட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். மாமா மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஒத்திகைக்கே இம்புட்டுக் கவனிப்புன்னா, ஞாயித்துக்கெழமைய விடலாமா?" என்று எங்கள் வீட்டிலேயே தங்கியும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தியைப் பற்றிக் கேட்பீர்கள். சொதி அமிர்தம். ஆனால் பரிமாறியவர்கள் காலி வாளியோடு பழகியவர்கள். நிறைந்த வாளியைப் பழைய வேகத்தில் தூக்கிக்கொண்டு ஓடியவுடன் கால் தடுமாறி, என் பழைய வாத்தியார் ஒருவருக்குச் சொதி இலையிலும் விழுந்தது, மடியிலும் விழுந்தது. "வாளிக் கனத்த ஒத்திகை பாக்காம விட்டுட்டேனே!" என்று ஒத்திகைப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயச வாளியைத் தானே வாங்கினார். ஓர் இலையையும் விடவில்லை. அன்றைக்கு அம்மாவும் பாயசம் சாப்பிட்டாள், இரண்டு தரம்.

அந்த வருஷமே எனக்கு வடக்கே வேலை கிடைத்தது. நான் புறப்படுவதற்கு முந்தின நாள் ஒத்திகைப் பிள்ளை எங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். யார் எங்கே நிற்பது, யார் பெட்டியைத் தூக்குவது, அம்மா எப்போது அழுவது என்று அவர் சொல்லச் சொல்ல, நிஜமாகவே எல்லோருக்கும் கண் கலங்கி, சொல்லிக்கொடுக்கும் மும்முரத்திலிருந்த அவரைத் தவிர எல்லோரும் அங்கேயே ஒரு பாட்டம் அழுது தீர்த்தோம். அதனால் மறுநாள் ரயில் புறப்பட்டபோது எங்கள் ஒருவர் கண்ணிலும் நீர் இல்லை. அம்மாகூடச் சிரித்த முகமாகக் கையசைத்தாள்.

பிளாட்பாரத்தின் கோடியில், துண்டை முகத்தில் புதைத்துக்கொண்டு, அவர் ஒருவர்தான் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.