தாய்மாமன் இடத்தில் டிரான்ஸ்பார்மர்

புதுவாயல்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் பீட்டருக்கு,

மாமா இம்மானுவேல் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா கிரேஸும் கல்யாணப் பெண் ஷைனியும் சுகம். வள்ளூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நீ சுகமாயிருக்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஜெபிக்கிறேன்.

ஷைனி புகுந்த வீடு போகுமுன் தன் லேப்டாப்பில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றி என்னிடம் கொடுத்தாள். "எதையும் டவுன்லோட் பண்ணாதப்பா, எல்லாம் அதுக்குள்ளயே கீது" என்றாள். கும்மிடிப்பூண்டி கம்பெனி டைம் ஆபீசில் அடுத்தவன் வருகையைக் குறித்தே தலை நரைத்தவன் நான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தனி ராஜாங்கமே நடக்கிறது மச்சான். வானிலை சொல்லும் ஆப் ஒன்று, சற்று நேரத்தில் மழை என்றது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டேன், கொட்டித் தீர்த்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக உன் அக்கா என்னை ஒரு ஆளாகப் பார்த்தாள். இன்னொரு ஆப், பேசுவதைக் கேட்டு எழுத்தாக்குகிறது. அவள் திட்டும்போது திறந்து வைத்தேன். உன் அக்கா பேச்சுக்கு நடுவில் முற்றுப்புள்ளி உண்டு என்று கண்டுபிடித்தது இந்த உலகத்தில் அந்த மெஷின் ஒன்றுதான்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து போட்டோ ஆப்பைத் திறந்தேன். வேண்டாததைச் சுற்றி ஒரு கோடு போட்டால் அழித்துவிடுமாம். ஜங்ஷனில் வைக்கப்போகும் கல்யாண பேனருக்காக நாம் கிறிஸ்துமஸில் எடுத்த குடும்பப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நடுவில் தாய்மாமன் நீ, பக்கத்தில் நான், என் தோளில் உன் கை. ஒரே குறை, உன் தலைக்குப் பின்னால் தெரு டிரான்ஸ்பார்மர் கொம்பு முளைத்தமாதிரி நின்றது. தாய்மாமனுக்குக் கொம்பா என்று மனசு கேட்காமல் அதைச் சுற்றிக் கோடு போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன்மேல் உள்ள மரியாதையில் போட்ட கோடு. கண் இமைப்பதற்குள் நீ போய்விட்டாய். டிரான்ஸ்பார்மர் நின்றது. நின்றது மட்டுமல்ல, உன் உடம்பு இத்தனை நாள் மறைத்திருந்த பாகத்தையெல்லாம் அதுவே யோசித்து வரைந்து, மண்டை ஓடு போட்ட அபாய போர்டுவரை மாட்டிவிட்டது. எனக்குப் புல்லரித்துப்போனது. கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்தப் பரவசத்தில், பழையபடி ஆக்கும் பொத்தான் என்று நினைத்து நான் அமுக்கியது பேனர் கடைக்கு அனுப்பும் பொத்தான்.

விடிந்து போய்ப் பார்த்தால் ஜங்ஷனில் பேனர் ஏறிவிட்டது. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, நான் முன்னமே எழுதிக் கொடுத்தபடி, 'பாசமிகு தாய்மாமன் பீட்டர்'. மெஷின் உன் கையை மட்டும் என் தோளிலேயே விட்டுவைத்திருந்தது, வாட்சோடு. பேனர் கடைக் கலியனிடம் ஓடினேன். "நாங்க போட்டோவெல்லாம் பாக்கறதில்ல நைனா. சைஸு சரியா கீதான்னு பாப்போம், அவ்ளோதான்" என்றான். அவிழ்க்கச் சொல்லிவிட்டு ஜங்ஷனுக்குத் திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா பேனருக்கு முன் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

"இம்மானுவேலு, அது யாரு கைன்னு தெரியுதா? ஆண்டவரு கை. ஒன் தோள்ல வெச்சிக்கினு நிக்கிறாரு."

"வாட்ச் கட்டிக்கினு கீறாரேக்கா."

"கல்யாணத்துக்கு வர்றவரு நேரம் பாத்துக்கினு வர வேணாமா?"

அப்புறம் யார் அவிழ்க்க விடுவார்கள்? ஷிப்டு முடிந்து வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டு என் தோளையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் வீட்டில் சிரிப்பில்லை மச்சான். "என் தம்பிய அழிச்சிட்டு டிரான்ஸ்பார்மர நிக்க வெச்சிக்கினு இன்னாய்யா பெருமை ஒனக்கு? அவன் வரலன்னா எம்பொண்ணு எப்படி வாசல் தாண்டும்?" என்று கேட்டுவிட்டு உன் அக்கா காலை நாஷ்டாவைக்கூடத் தொடவில்லை. அவள் கேட்பது நியாயம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் படியிறங்கி சர்ச்சுக்குக் கிளம்ப வேண்டும், அது உங்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அந்த பேனரைத்தான் முதலில் பார்ப்பாய். பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடாதே என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஷைனி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், "மாமா வந்துடுவாருல்லப்பா?" நான் வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். ஆண்டவர் உன் கோபத்தைக் குறைத்து ஆயுசைக் கூட்டுவாராக.

இப்படிக்கு,
உன் மாமா
இம்மானுவேல்

பி.கு.: மேலே உள்ள கடிதத்தை முதலில் மெயிலில்தான் எழுதினேன். முடித்ததும் அந்த மெயில் ஆப், நீளமாக இருக்கிறது, சுருக்கித் தரட்டுமா என்று கேட்டது. கேட்ட பணிவுக்காகவே சரி என்றேன். இன்னும் மரியாதையாக மாற்றவா என்றது. உனக்கு இப்போது தேவை மரியாதைதானே என்று அதற்கும் சரி என்றேன். மூன்றாவதாகக் கேட்டதைப் படிக்காமலே சரி என்றேன், போய்விட்டது. ஆகையால் முழுக் கடிதத்தையும் பிரிண்ட் எடுத்து, இந்தப் பின்குறிப்பை மட்டும் பேனாவால் எழுதி, நானே பஸ் ஏறி வந்து உன் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். தட்டத் தைரியமில்லை. உன் போனுக்கு வந்திருப்பது இதுதான்: "மதிப்பிற்குரிய திரு. பீட்டர் அவர்களுக்கு, எங்கள் பேனரிலிருந்து தாங்கள் நீக்கப்பட்டுள்ளீர்கள். தங்கள் கை மட்டும் போதுமானது. ஒத்துழைப்புக்கு நன்றி."