தண்டச் செலவு

மனிதர்களில் 'செலவெழுதி' என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்தார் வாழ்நாளில் தப்பே செய்வதில்லை. செலவு செய்வார்கள், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். திருத்தணி மலைப் பாதையில் ஹெல்மெட் இல்லாமல் போய்ப் போலீஸிடம் மாட்டிக்கொண்டால், வீட்டுக்கு வந்து "ரோட்டு வாடகை கட்டிட்டு வந்தேன்" என்பார்கள். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தை இடித்துவிட்டால், அரைக் கிலோ மைசூர்பாகைக் கொடுத்துவிட்டு 'நல்லுறவுச் செலவு' என்பார்கள். வருடக்கணக்காகத் தட்டிக் கழித்த மொட்டையை ஒருவழியாகப் போட்டுக்கொண்டு, உண்டியலில் கூடுதலாக ஒரு நோட்டைச் செருகி, "லேட் ஃபீ" என்று முருகனுக்கே கணக்குச் சொல்வார்கள். அவர் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை இது. அதனால் பிழைத்தார்கள்.

நம் ஜம்புலிங்கம் இந்த இனத்தில் முதல் வரிசை. ஊரில் ஒரு சின்ன வங்கிக்குப் பொது மேலாளர். அந்த வங்கி சில வருடங்களுக்கு முன் ஒரு காரியம் செய்தது. அடகு வைத்தவர்களுக்கு நோட்டீஸே அனுப்பாமல் அவர்கள் நகைகளை ஏலம் விட்டது. விஷயம் ரிசர்வ் வங்கி வரை போய், அங்கிருந்து அபராதம் வந்தது. வேறு யாராவது என்றால் இரண்டு நாளாவது தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். ஜம்புலிங்கம் கால்குலேட்டரை எடுத்தார்.

"குத்தத்துக்குக் கட்னா அது தண்டன. அத லாபத்துல கழிக்க முடியாது" என்று ஊழியர்களைக் கூட்டிப் பாடம் நடத்தினார். "நடைமுறையில ஒரு சின்ன இடறல், அதுக்குக் கட்னா அது தொழில் செலவு. கழிச்சிக்கலாம். வரி கொறையும். புரியுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. செலவு என்று எழுதினால் வரி குறையும். குறைந்த வரி அரசாங்கத்துக்கு நஷ்டம். ஆக, ஜம்புலிங்கம் கட்டிய அபராதத்தில் ஒரு துண்டை நீங்களும் நானும் கட்டுகிறோம். நமக்கு ரசீதுகூடக் கிடையாது.

அன்று முதல் வங்கியில் 'அபராதம்' என்ற சொல்லுக்குத் தடை. காரணம் இருக்கிறது. திருத்தணியில் பாதிப் பேர் வாயில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகப் புரளும். தமிழில் அபராதம் என்றால் கட்டுகிற பணம். தெலுங்கில் அபராதம் என்றாலே குற்றம். வரிக் கணக்கை விசாரிக்கிற அதிகாரி எந்தப் பக்கத்து ஆளோ, யார் கண்டது? ஆகவே 'ஒழுங்குமுறைச் செலவு' என்று எழுதச் சொன்னார். சொல்ல வாய் வராதவர்கள் 'தண்டம்' என்று சொல்லிக்கொள்ளலாம். தெலுங்கில் தண்டம் என்றால் கும்பிடு. கும்பிடுவதில் யாருக்கு என்ன குற்றம்?

இப்படியே போயிருந்தால் கதை சுபம். ஆனால் ஏலத்தில் போன நகைகளில் ஓர் இரட்டைவடச் சங்கிலியும் இருந்தது. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் மணியம்மை, நூல் வாங்க அடகு வைத்தது. மணியம்மை யார் என்கிறீர்களா? ஜம்புலிங்கத்தின் கூடப் பிறந்த அக்கா. சங்கிலி, இருவரின் அம்மா கழுத்தில் கிடந்தது.

சங்கிலியை உருக்கியாகிவிட்டது. அக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துவிட்டுத் தம்பி வீட்டில் சாப்பிட்டுப் போகிறவள், அந்த வருடம் மலையிலிருந்து இறங்கி நேரே பஸ் ஏறிவிட்டாள்.

"தப்பாயிடுச்சிக்கானு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி கமலா.

"இன்னா பேசற நீ? வரி ஆபீஸ்ல கழிவு கெடையாதுன்னுட்டான், கேஸு நடந்துகினுகீது. இப்போ தப்புனு ஒத்துகினா, கழிவு போச்சு."

"அக்கா போனா?"

ஜம்புலிங்கம் மேல்முறையீட்டுக்கு வாதம் எழுத உட்கார்ந்தார். இப்போது விசாரணையெல்லாம் கம்ப்யூட்டரில், அதிகாரி யார் என்றே தெரியாது. முகம் தெரியாத அதிகாரிக்கு அத்தனை பக்கம் எழுதிய மனிதர், பஸ் தூரத்தில் இருந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்த இடம் இதுதான்.

ஜெயித்துவிட்டார். 'இது குற்றமல்ல, தொழிலை ஒட்டிய செலவே' என்று உத்தரவு வந்தது. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, ஒரு கிலோ பாதுஷாவும் வாங்கிக்கொண்டு, ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் ஏறினார்.

மணியம்மை தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். வெறுங்கழுத்தைப் பார்க்காமல் இருக்க ஜம்புலிங்கம் உத்தரவை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"பாருக்கா, நாங்க குத்தமே பண்லனு எழுதிக்கீறாங்க."

"ஆங். யாரு எழுதனது?"

"மேல இருக்கறவங்க."

"எனுக்கு நோட்டீசு வந்துச்சாடா?"

"அது வந்து... ஒரு சின்ன இடறல்."

மணியம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாதுஷாப் பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"தண்டம்டா தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜம்புலிங்கத்துக்கு ஒரே யோசனை. அக்கா சொன்னது தெலுங்கா, தமிழா? தெலுங்கு என்றால் கும்பிடு. தமிழ் என்றால், எதற்கும் உதவாதவன். கை கூப்பியதால் தெலுங்குதான் என்று திருத்தணி பஸ் நிலையத்தில் இறங்கும்போது முடிவு செய்தார். பஸ் டிக்கெட்டையும் பாதுஷா பில்லையும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கும் கமலா ஓர் இலை கூடுதலாகப் போட்டாள். சோறு ஆறிப்போனதும் தானே எடுத்தாள். ஜம்புலிங்கம் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அஜீரணம் என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் வீட்டில் தாம்தூம் என்று கத்திவிட்டு, மறுநாள் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு முழம் மல்லிகையும் பிரியாணிப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போய் நின்றீர்களே, அதை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?