நாற்பத்தொன்றும் பால்மாப் பக்கற்றுக் கூரையும்

கொழும்பில் வெயிலோடு தனிப்பட்ட பகை வைத்திருந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் வெயிலில் வியர்த்தார்கள், குடை பிடித்தார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். அவர் மட்டும் அதை நேரம் போட்டு எழுதி வைத்தார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அவருடைய பெயர் நாற்பத்தொன்று. தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அது வாக்காளர் இடாப்பில் மட்டும் வசித்தது. "எப்படிச் சுகம்?" என்று கேட்டால் ஒழுங்கையில் மற்றவர்கள் "ஏதோ இருக்கிறம்" என்பார்கள். இவர் "மேல் அறை நாற்பத்தொண்டு" என்பார். செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கும்போதும் ஒருமுறை அப்படித்தான் சொன்னார்.

காரணம் உத்தியோகம். முப்பது வருடம் ஒரு மீன் குளிர்களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். மணிக்கொரு தடவை வெப்பமானியைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். எப்போதும் சைபருக்குக் கீழே பதினெட்டு. ஓய்வு பெற்றபோது மனிதரை மட்டும்தான் வெளியே விட்டார்கள். பழக்கம் கூடவே வந்துவிட்டது. அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே இருந்த தன் வீட்டு மேல் அறையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். காலைப் பத்திரிகையை வாசித்துவிட்டு மதிலுக்கு மேலால் அவரிடம் நீட்டும் பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் அந்தப் பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். திகதி, நேரம், பாகை, ஒப்பம். குறை சொல்ல இடமில்லாத பதிவேடு. பயன்தான் இல்லை.

அவருடைய மனைவியை ஒழுங்கை முழுவதும் ரீச்சர் என்றே சொல்லும். ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. கீழ் மண்டபத்தில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவார். படுப்பதற்கு இருந்த ஒரே அறை மேலேதான்.

பெற்றோல், காஸ், பால்மா என்று நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை இருந்த வருடம் வந்தது. பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை, ஆகவே மின்விசிறியும் இல்லை. ஒரு மத்தியானம் ரீச்சர் மேல் அறையில் தலைசுற்றி விழுந்தார். டொக்டர் பிரஷரை அளந்துவிட்டு, குளிர்ச்சியான இடத்தில் இருக்கச் சொன்னார். கல்கிசையில் ரீச்சரின் தங்கைக்கு ஒரு தொடர்மாடி வீடு இருந்தது. தங்கை தன் மகனோடு வெளிநாட்டில். வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே ஜெனரேற்றரும் உண்டு.

"நான் கல்கிசைக்குப் போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. வராட்டி உங்கட தேர்மாமீற்றரோட குடும்பம் நடத்துங்கோ" என்றார் ரீச்சர்.

"அப்ப இந்த வீடு?"

"விப்பம்."

நாற்பத்தொன்று பிறந்ததே அந்த வீட்டில்தான். அன்று சுகம் விசாரித்தவர்களுக்கு அவரும் "ஏதோ இருக்கிறம்" என்றார். மறுநாள் ரீச்சரிடம் தவணை கேட்டார். ரீச்சர் ஆசிரியைக்குரிய நியாயத்தோடு பரீட்சை வைத்தார். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணி, மின்விசிறி இல்லாமல், மேல் அறை முப்பத்தாறு காட்ட வேண்டும்.

"முப்பத்தேழு காட்டினால்?"

"பெயில்."

அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் உடன்படிக்கையை நான்தான் எழுதினேன். இரண்டு பிரதிகள். வாசிப்பை எடுத்துப் பதிவது மூன்றாம் ஆள், அதாவது நான். பரீட்சை நேரத்தில் நாற்பத்தொன்று மாடிக்கு வரக்கூடாது. கூரையில் கை வைப்பதற்கான ஒழுங்குமுறையையும் எடுத்துச் சொன்னேன்: விண்ணப்பப் படிவம், வரைபடம் மூன்று பிரதி, அயலவரின் ஆட்சேபனை இன்மைக் கடிதம். அயலவர் நானே என்பதால் கடிதத்தை உடனே எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கி, நாலாக மடித்து, சீலிங்கில் இருந்த ஒரு வெடிப்பை அடைத்தார்.

கூரைக்கடியில் விரிக்கும் வெள்ளித்தாள் சுருள் அந்த வருடம் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு வாரம் அலைந்த பிறகு, காலையில் தேத்தண்ணிக்குப் பால்மாப் பக்கற் ஒன்றை வெட்டும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. பக்கற்றின் உட்புறம் பளபளவென்று வெள்ளி. வெட்டி விரித்து, ஒன்றோடொன்று தைத்து, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே கட்டினால் வெயில் திரும்பிப் போகும்.

யோசனை சரிதான். காலம்தான் பிழை. சனம் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் இவர் வெறும் பக்கற்றுக்காக வரிசையில் நின்றார். வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "முடிஞ்சதும் பக்கற் எனக்கு" என்று முற்பதிவு செய்தார். முச்சந்தித் தேத்தண்ணிக் கடை நானாவிடமும் போனார்.

"காலிப் பக்கட் தானே, அள்ளிட்டுப் போங்க" என்றார் நானா. "ஆனா பால்மா ஈந்தாத்தானே பக்கட் ஈக்கும்? இப்ப எல்லாரும் பிளேன்டீ."

"எல்லாரும் பிளேன்டீ குடிச்சால் என்ர கூரை என்ன செய்யிறது?" என்று அங்கிருந்தவர்களை உண்மையான கோபத்தோடு கேட்டார் நாற்பத்தொன்று.

கொட்டாஞ்சேனையில் மச்சான் வீடு, ஹெந்தளையில் பழைய சக ஊழியர் வீடு என்று பஸ் ஏறிச் சேர்த்தார். முதல் எண்பது பக்கற்றையும் ரீச்சரின் தையல் மெஷினிலேயே தைத்து மேலே கட்டினார். கழுவவில்லை. உதறினால் போதும் என்பது அவர் கட்சி. முப்பது வருடம் பனிக்கட்டிக்குள் வேலை பார்த்தவர் எறும்பு என்ற உயிரினத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் கடற்கரைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட எறும்புகள் அனைத்தும் எங்கள் ஒழுங்கைக்குக் குடிபெயர்ந்தன. சுவரில் ஏறிய வரிசை, எரிபொருள் நிலையத்து வரிசையை விட ஒழுங்காக இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றினார். சவர்க்காரத்தில் கழுவினார். ஒழுங்கையின் குறுக்கே இந்த மதிலிலிருந்து அந்த மதிலுக்குக் கயிறு கட்டிக் காயப்போட்டார். ஒழுங்கை கண்ணைக் கூசவைத்தது. கடலோர ரயிலின் வாசலில் தொங்கி வந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். நானா கடையை விட்டு இறங்கி வந்து, "என்ன, இந்த வருஷம் வெசாக் அலங்காரம் முந்தி வந்திரிச்சா?" என்று கேட்டார்.

பங்குனி முழுவதும் மனிதர் கூரைக்குள்தான் வாழ்ந்தார். கொரோனாக் காலத்து முகக்கவசம், தலையில் ரீச்சரின் குளியல் தொப்பி, கையில் ரோர்ச். காலை ஆறு மணிக்குள் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்குவார். ஒரு சனிக்கிழமை மட்டும் பிந்திவிட்டார். எங்கள் பகுதியில் சீலிங் உள்ள வீடெல்லாம் மரநாய்க்கும் வீடு. மேல் அறை அலுமாரிக்கு நேர் மேலே, கூரை மூலையில், ஒரு தாய் மரநாயும் மூன்று குட்டிகளும். ரோர்ச் வெளிச்சத்தில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்தன. மரநாய் சீறியது. நாற்பத்தொன்று பின்வாங்கினார். அவர் பின்வாங்கிய இடத்தில் மரச்சட்டம் இல்லை, சீலிங் பலகை மட்டும் இருந்தது.

ரீச்சர் அப்போதுதான் மேல் அறைக்குப் பாடப்புத்தகம் எடுக்க வந்திருந்தார். கட்டிலுக்கு மேலே முழங்கால் வரை ஒரு கால் இறங்கியது.

"ரீச்சர், பயப்பிடாதை, நான்தான்" என்றது சீலிங்.

"தெரியுது. நகம் வெட்டாத கால் இந்த வீட்டில ஒண்டுதான்."

அன்று பின்னேரம் நான் வழிமுறையை விளக்கினேன். வனவிலங்குத் திணைக்களத்துக்குக் கடிதம், கிராம அலுவலருக்குப் பிரதி, பிறகு பொறிக்கூடு. அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு வேலை செய்தார். சீலிங் ஓட்டையைப் பலகை அடித்து மூடினார். கூரை முழுவதும் வெள்ளி விரித்தார். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டார்.

"மூலையைத் திறந்து விட்டால் சூடு அதால இறங்குமே" என்றேன்.

"இறங்கும்தான் ஐசே. தட்டுற சத்தம் கேட்டால் அது குட்டியளைத் தூக்கிக்கொண்டு எங்க போறது? அதுவும் இடத்தை விட்டு எழும்ப மாட்டன் எண்டு நிக்குது."

எனக்கு அதற்கான படிவம் எதுவும் ஞாபகம் வரவில்லை.

வருடப்பிறப்புக்கு மூன்று நாள் முன்பு பரீட்சை. மின்விசிறியை நிறுத்தும் பொறுப்பை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ரீச்சர் மேலே போய்க் கட்டிலில் சாய்ந்தார். நாற்பத்தொன்று கீழே வாசல் படலையடியில் நின்றார். இரண்டு மணிக்கு நான் கடதாசியும் பேனாவுமாகப் படியேறினேன்.

ரீச்சர் நித்திரை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த அறையில், அந்த நேரத்தில், மாதக்கணக்கில் அவர் கண்மூடியதில்லை. வெப்பமானி முப்பத்தேழு. இடப்பக்கமாக நின்று பார்த்தேன். வலப்பக்கமாக நின்று பார்த்தேன். குனிந்தும் பார்த்தேன். முப்பத்தேழுதான். பாதரசத்துக்கு அயலவர் என்ற எண்ணம் கிடையாது.

ரீச்சர் கண் விழித்தார். "எத்தினை?"

"முப்பத்தேழு."

அவர் அண்ணாந்து பார்த்தார். பலகை அடித்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு அலுமாரிக்கு மேலே மூலையைப் பார்த்தார். அங்கே மெல்லிய அசைவுச் சத்தம் ஒன்று கேட்டு நின்றது.

"அந்த மூலையையும் மூடியிருந்தால்?"

"முப்பத்தாறு வந்திருக்கும்."

"குட்டியள் கண் திறந்திட்டுதாம். அவர் சொன்னவர்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். துடைப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. "முப்பத்தாறு எண்டு எழுதுங்கோ."

"ரீச்சர், இது ஒரு பதிவு."

"சோதனை வைச்சது நான். கருணைப் புள்ளி போடுறதும் நான். நீங்கள் எழுதுங்கோ."

எழுதினேன். திகதி, நேரம், பாகை, ஒப்பம். கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பத்தொன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறர் எடுத்த வாசிப்பை வாழ்க்கையில் நம்பாத மனிதர், மேலே போய்ப் பார்க்கவில்லை. கடதாசியைச் சட்டைப் பையில் வைத்து, பையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

பொய்ப் பதிவு எழுதிய உத்தியோகத்தர்களை விசாரிக்கும் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். தண்டனை என்னவென்று எனக்குத் தெரியும். ரீச்சர் சொன்னதால் எழுதினேன் என்று விளக்கம் கொடுக்கலாம். ஆனால் அவர் கண் விழிக்குமுன்பே கடதாசியில் மூன்றுக்குப் பக்கத்தில் ஆறைப் போட்டுவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கல்கிசை அப்படியொன்றும் தூரமில்லை, பஸ்ஸில் இருபது நிமிடம்தான். காலையில் வாசித்து முடித்த பத்திரிகையை மதிலுக்கு மேலால் நீட்ட முடியாத தூரம், அவ்வளவுதான்.