ராஜா தலைக்கு மேல் ஒரு தடம்

"எப்படிங்க இருக்கு?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் மனைவி.

அவர் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் தொடங்கிய ஆல்பத்தில் முப்பது வருடமாகக் காலியாகக் கிடக்கும் இடத்துக்கான வெள்ளி நாணயம். பிறந்தநாள் பரிசு! ஆனால் விளிம்பில், ராஜாவின் தலைக்கு நேர் மேலே, பற்றவைத்த தடம். பக்கத்தில் அரம் தேய்த்த கோடுகள். யாரோ எப்போதோ வளையம் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி நாணயங்களை, நாணயம் சேகரிப்போர் சங்கக் கண்காட்சியின் வாசலிலேயே விரட்டுகிறவர் அவர். சங்கத்தில் அவருக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'தான்.

"பிரமாதம்!" என்றார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். ஆனால் அவள் முகம் மலர்ந்த அழகுக்கு, காது கழன்று விழுந்தாலும் தகும் என்று தோன்றியது.

"அப்ப ஞாயித்துக்கிழமை கண்காட்சியில வைங்க. நானும் வந்து பாக்கறேன்." அவள் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் இறங்கியது. அவரோ நாணயத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தால் சங்கத்தில் மானம் போகும். வைக்காவிட்டால் அவள் மனசு உடையும். மானம் போனால் போகிறது, மனசு உடையக் கூடாது.

முதலில் பற்பசை போட்டுத் தடத்தைத் தேய்த்தார். தடம் போகவில்லை; அந்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. முட்டை ஆவி பட்டால் வெள்ளி மங்கும் என்று, மினுக்கத்தை அடக்க, வேகவைத்த முட்டையோடு டப்பாவில் போட்டு மூடினார். காலையில் திறந்தால் ராஜா கரிமூட்டைக்காரராகியிருந்தார்.

"டப்பாவுல என்னங்க நாத்தம்?"

"ஆராய்ச்சி!" என்றவர், நாணயத்தோடு நகை செய்யும் பத்தர் கடைக்கு ஓடினார்.

"பத்தரே, எப்படியாவது காப்பாத்துங்க. அவ ஆசையா வாங்கிக் குடுத்தது. இவ்வளவு அருமையான நாணயத்துல எந்த மடையன்யா வளையத்தைப் பத்தவச்சது?"

பத்தர் நாணயத்தைத் துடைத்தார், திருப்பினார், சிரித்தார்.

"நீங்கதான் சார்! கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டம்மாவுக்குப் பதக்கம் பண்ணணும்னு கொண்டுவந்தீங்க. முப்பது வருஷமா அவங்க கழுத்துலதான் கிடந்துச்சு, போன வாரம் அவங்களே வந்து, 'அவர் ஆல்பத்துல ஒரு இடம் காலியா இருக்கு, வளையத்தை எடுத்துக் குடுங்க'ன்னாங்க."