முடிச்சு சாரும் நான் போட்ட படமும்

புதுக்கோட்டையில் அந்தக் காலத்தில் கயிறு வைத்திருந்த யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. காரணம் ஒரே ஒருவர், முடிச்சு சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

மன்னராட்சி நடந்த நாட்கள். நான் நிலப்படம் வரையும் டிராப்ட்ஸ்மேன். நாங்கள் இருவரும் ஒரு மெஸ்ஸின் மாடியறையில் சேர்ந்து குடியிருந்தோம். கணக்குப் பரீட்சையில் நான் இரண்டு தடவை கோட் அடித்து ஃபெயிலானவன் என்பதை அவரிடம் மறைத்துத்தான் குடியேறினேன்.

ஒரு நாள் காலை மெஸ்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"கெணத்துக் கயிறு எங்கிட்டு சார்?"

"இந்தா இருக்குங்க."

கட்டில் மேல் கயிறு ஒன்பது இடத்தில் தன்னைத்தானே தாண்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு நுனியையும் முடிச்சு சார் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்திருந்தார்.

"அவுத்துக் குடுங்க, தண்ணி எறைக்கணும்."

"வெட்டாம அவுக்க முடியாதுங்க. அதத்தான் ஒரு வருசமா நிரூபிச்சுக்கிட்டிருக்கேன்."

மெஸ்காரர் கீழே போய் அரிவாளோடு வந்தார். முடிச்சு சார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

அவருடைய ஆராய்ச்சியே அதுதான். நுனிகளைச் சேர்த்துவிட்ட முடிச்சு அவிழும் என்றால் அவிழ்த்துக் காட்டிவிடலாம். அவிழவே அவிழாது என்றால் அதை எப்படிக் காட்டுவது? "நான் ஒரு வாரம் பாத்தேன் சார், அவுறல. போதாதா?" என்று கேட்டேன். போதாதாம். பார்த்தவன் முட்டாளாக இருக்கலாமாம். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார், மரியாதை தெரிந்த மனிதர்.

கடைசியில் நிரூபணம் கைகூடியது. அந்த ஒன்பது தாண்டல் முடிச்சு ஒருநாளும் அவிழாது என்று பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டார். சென்னையில் ஒரு கணிதப் பத்திரிகை அதை வெளியிட்டால் அங்கே ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பின்னக் கணக்குத்தான். படத்தை மட்டும் சுத்தமாக வரைந்து தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார். மேலே போகும் இழையை முழுக் கோடாகவும், கீழே போகும் இழையை அந்த இடத்தில் உடைத்தும் வரைய வேண்டும்.

வரைந்தேன். சரிபார்க்கக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சர்க்கார் படமே போடுறவன் சார் நான். இதப் போயி சரிபாக்கணுமா?" என்று சொல்லி, என் கையாலேயே உறையை ஒட்டித் தபாலில் போட்டேன்.

பதில் வந்தது. 'தாங்கள் அவிழாது என்று நிரூபித்திருக்கும் முடிச்சை எங்கள் பியூன் சணல் கயிற்றில் போட்டுப் பார்த்து, காபி வருவதற்குள் அவிழ்த்துவிட்டார்' என்று எழுதி, படத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முடிச்சு சார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் என் படத்தையும் அவருடைய மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரிடம் மட்டும் ஒத்துப்போகவில்லை. எங்கள் ஆபீசில் ரோடும் வாய்க்காலும் குறுக்கிட்டால் வாய்க்கால் கோட்டைத்தான் உடைக்க வேண்டும். ரோட்டை உடைத்தால் மேலதிகாரி தோலை உரித்துவிடுவார். முடிச்சில் அந்த இடத்தில் நீளமாக, நேராக ஒரு கோடு இன்னொன்றுக்குக் கீழே போனது. என் கை அதை ரோடு என்று நினைத்து மேலே விட்டு, மற்றதை உடைத்துவிட்டது.

சொன்னேன். சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. மனிதர் கட்டிலை விட்டு எழுந்தார். கழுத்தை நெரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு வேண்டிய கயிறும் அறையில் தாராளமாக இருந்தது.

"ஒரே ஒரு எடந்தான மாத்துனீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்."

"ஒரு எடத்துல மேல கீழ மாத்துனா மொத்த முடிச்சும் அவுந்துருதா? இங்கிட்டு வாங்க, அந்தக் கொடிக்கயித்த எறக்குங்க!"

என் ஈர வேட்டி தரையில் விழுந்தது. அவருக்குப் புதுக் கேள்வி கிடைத்துவிட்டது: எந்த முடிச்சானாலும், அது அவிழக் குறைந்தது எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும்? சிலதுக்கு ஒன்று போதும். சிலதுக்கு ஒன்று போதாது, அதை நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு முடிச்சையும் ஒவ்வொரு இடத்திலும் தப்பாக வரைந்து கொடுக்க ஓர் ஆள் தேவை. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் சமஸ்தானத்தில் இல்லை. ஒன்பது மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தப்பு வரைந்தேன். அனுப்புமுன் இந்தத் தடவை இருவரும் மூன்று முறை சரிபார்த்தோம்.

கட்டுரை வெளியானது, சென்னையில் இடமும் கிடைத்தது. பஸ் ஏறும்போது பத்திரிகையைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். இந்தக் கேள்வியைத் தமக்குத் தந்தவர் என்று என் பெயரை அச்சில் போட்டு நன்றி சொல்லியிருந்தார்.

"அது என் தப்புல்ல சார்?"

"தப்புதாங்க. ஆனா நான் கேக்காமலே ஒத்துக்கிட்டீங்கல்ல? எனக்கு அது போதும்."

பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஆபீசில் பிசகில்லாமல் படம் வரைந்தேன். ஒருவரும் நன்றியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அறைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள், நல்லவர்கள்தான். ஆனாலும் அந்த மனிதரோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.