மேற்படி பூதத்தின் சர்ச்சைக்குரிய கைகள்

என் கடைச் சுவரில் இருந்த பூதத்துக்குக் கை ஒன்று குறைகிறது என்று ஆபீசில் எழுதிக் கொடுத்த பெரிய மனிதரே, உம்மைத்தான் கேட்கிறேன். எண்ணிப் பார்க்க ஊரில் உமக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா? ரோட்டில் பள்ளம் இருக்கிறது, எரியாத விளக்கு இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி வந்து என் பூதத்தின் கையை எண்ணினீரே, நன்றாக இருப்பீரா?

விவரம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கிறவன். எங்கே வீடு இடித்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. பேரம்தான் படிப்பு சொல்லிக் கொடுத்தது. அருமையான தேக்குக் கதவைக்கூட "உளுத்துப் போச்சே" என்று முகம் சுளித்துக்கொண்டுதான் தொடுவேன். கோபம் கூடவே பிறந்தது. ஒருநாள் நான்கு கீலுக்கு விலை பேசும்போது ரத்தம் தலைக்கேறி அங்கேயே விழுந்துவிட்டேன். டாக்டர், "இனிமே கோபம் வந்தா கத்தாதீங்க, படம் வரைங்க" என்றார்.

அப்போது ஊரில் அதுதான் மோஸ்தர். பழங்கதைகளில் தனக்குப் பிடித்த மாயப் பிறவியைத் தன் கையாலேயே சுவரில் வரைய வேண்டும். பல் டாக்டர் வாசலில் பறக்கும் குதிரை. தையல் கடையில் பேசும் கிளி. எனக்குப் பிடித்தது கிணற்றுப் பூதம். ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுக்கும், பதிலுக்கு எதுவும் கேட்காது. அப்படி ஒரு ஆளை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பிரியம்.

கடையை அடைத்துவிட்டு வரைந்தேன். பச்சை உடம்பு, கொம்பு, வால், மொட்டைத் தலை, மீசை, பானை வயிறு, ஆறு கை. கதையில் உள்ள ஏழாவது கைக்கு இடமில்லாமல் தண்ணீர்க் குழாய் மறித்துவிட்டது. என் மனைவி வந்து பார்த்தாள். "என்னங்க, உங்க தம்பி மாதிரி இருக்கு" என்றாள். பரவாயில்லை. சுவரோடு பெயர்த்துத் தர முடியுமா என்று ஒரு வாடிக்கையாளர் விலை கேட்டார். நான் விலை சொல்லவில்லை. என் வாயிலிருந்து விலை வராமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் நீர் வந்தீர். உமக்குப் பின்னாலேயே நகர அழகுப் பிரிவின் கடிதமும் வந்தது. "மேற்படி சுவரில் காணப்படும் மேற்படி பூதம், கதையிலுள்ள பூதத்தோடு ஒத்துப்போகவில்லை எனப் புகார் பெறப்பட்டுள்ளது. அதை ஏன் அழிக்கக் கூடாது என்பதற்கு நேரில் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் கடையின் உரிமம் புதுப்பிக்கப்பட மாட்டாது."

"குழாய் மறிச்சுதுன்னு உள்ளதைச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

"உள்ளதைச் சொல்லி எவனாவது வியாபாரம் பண்ணுவானா? அவங்க குறைப்பாங்க. நான் ஏத்திச் சொன்னாத்தான் ஏழுல வந்து நிக்கும்."

அதிகாரி சாந்தமான மனிதர். என்னைப் போன்றவனுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை.

"கதைப்படி பூதத்துக்கு எத்தனை கைங்க?"

"பதினொண்ணு."

அவர் அசரவே இல்லை. "புகார்ல ஏழுன்னு இருக்கு. சுவத்துல ஆறு இருக்கு. நீங்க பதினொண்ணுங்கறீங்க."

"சரி சார், உங்க முகத்துக்காக ஒம்பது."

"குறையுதே?"

"எட்டு! அதுக்குக் கீழே கட்டுப்படியாகாது!"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப கை சர்ச்சைக்குரிய உறுப்புங்க. சர்ச்சைக்குரிய எதையும் பொதுமக்கள் பார்வையில வைக்கக் கூடாது. சர்ச்சையில்லாத கைகள் மட்டும் இருக்கலாம்."

"அது எத்தனை சார்?"

"ரெண்டு. ரெண்டு கை உண்டுங்கறதை யாரும் மறுக்கலையே?"

யோசித்துப் பார்த்தேன். நானும் மறுக்கவில்லை. அழிக்கச் சொன்ன பூதத்தை இரண்டு கையோடு மீட்டுவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலு கைக்கு வெள்ளையடித்தேன்.

திருத்திய பூதத்தைப் போட்டோ எடுத்து ஆபீசில் காட்டப் போனபோது, பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கம்மா சொன்ன கதையில் கொம்பே கிடையாது என்றார். எதிர் மேஜை அம்மா, வால் இந்தப் பூதத்துக்கு இல்லை, அது வேறு பூதம் என்றார். தண்ணீர் வரி கட்ட வரிசையில் நின்றவருக்கு என்ன வந்ததோ, "பூதம் நீலம் சார்!" என்று கத்தினார். நான் சும்மா விடுவேனா? கொம்பைக் கொடுத்து வாலை வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை வாலைக் கொடுத்துப் பச்சையை வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த தடவை பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல், சர்ச்சையில்லாத மனுஷ நிறத்துக்குச் சம்மதித்து, மீசையையும் வயிற்றையும் காப்பாற்றினேன்.

"ஒவ்வொரு தடவையும் நீங்கதான் ஜெயிச்சுட்டு வர்றீங்க. பூதம்தான் தேஞ்சுக்கிட்டே போகுது" என்றாள் மனைவி.

கடைசிப் பச்சையை மூடும்போது தூரிகை நகர மாட்டேன் என்றது. கத்தவும் முடியவில்லை. கத்தாமல் இருக்கத்தானே வரைய ஆரம்பித்தேன்.

ஒப்புதல் முத்திரை கிடைத்தது. மனைவி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். மொட்டைத் தலை, மீசை, பானை வயிறு, இரண்டு கை. பக்கத்தில் சாத்தி வைத்த பழைய கதவுகள்.

"இப்ப உங்க தம்பி மாதிரி இல்லீங்க" என்றாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் ஊரிலேயே முத்திரை வாங்கிய ஒரே மாயப் பிறவி அதுதான் என்று செய்தி பரவிவிட்டது. பல் டாக்டர், இறக்கையில் சர்ச்சை வருமோ என்று பயந்து குதிரையை அழித்துவிட்டு என்னை வரைந்தார். தையல் கடைக்காரர் கிளியை அழித்துவிட்டு என்னை வரைந்தார். எனக்கு ரத்தக் கொதிப்பு பார்க்கிற அறையிலும் நான்தான் நிற்கிறேன். என் வயிற்றுக்குக் கீழே உட்காரவைத்துத்தான் எனக்கு அளவு எடுக்கிறார்கள். அதைப் பூதம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தால் பூதம் மாதிரி இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முத்திரை இருக்கிறதே!

கடைக்கு வருகிறவன் ஒரு ஜன்னலுக்கு விலை பேசி முடித்துவிட்டு, "ஒண்ணு கேட்டா ரெண்டு தருவீங்களாமேண்ணே?" என்று இன்னொன்றையும் தூக்குகிறான். தொழிலே படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் மீசையை எடுத்தேன்.

மறுபடியும் கடிதம். மேற்படி நபர், ஒப்புதல் பெற்ற பூதத்தோடு ஒத்துப்போகவில்லை எனப் புகார்.

"மீசை எங்கங்க?" என்று அதே சாந்தத்தோடு கேட்டார் அதிகாரி.

"சார், அது என் மீசை!"

"சர்ச்சையே இல்லாத மீசைங்க அது. ஊர்ல அத்தனை சுவத்துலயும் இருக்கு. அத்தனையையும் நாங்க திருத்த முடியுமா? நீங்க ஒருத்தர் திருந்தினாப் போதும்."

"யாரு சார் புகார் குடுத்தது?"

"வழக்கமாக் குடுக்கறவர்தாங்க. புகார்தாரரே வந்து குறை இல்லைன்னு சொன்னா, உரிமத்தைப் பத்தி யோசிக்கலாம்."

கேட்டீரா, பெரிய மனிதரே? ஆரம்பித்தவர் நீர், முடித்து வைக்க வேண்டியவரும் நீர்தான். ஆபீசுக்கு வாரும். அந்தச் சாந்தமான மனிதர் முன்னால் என்னை நிறுத்தி, மேலும் கீழும் நன்றாகப் பாரும். பார்த்துவிட்டு, "இந்த ஆளிடம் ஒரு குறையும் இல்லை" என்று வாய் திறந்து சொல்லும். அதில் ஒரு சொல் குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்ன, மனசு வரவில்லையா? சரி, உமக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். கழுத்துக்குக் கீழே குறை இல்லை என்று மட்டுமாவது சொல்லிவிட்டுப் போம். மேலே உள்ளதை நான் வளர்த்துக்கொள்கிறேன்.