பெண் பார்க்க வந்த அன்று கழன்ற புல்லி

விருத்தாசலம்,
மாசி மாதம், 1992.

நல்லூர் பெரியவர் சுப்புராயன் அவர்களுக்கு, விருத்தாசலம் கொளஞ்சியப்பன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. 'சம்பந்தி' என்று ஆரம்பித்து, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்து எழுதுகிறேன். பழமலைநாதர் அருளால் இங்கு நானும் சுலோச்சனாவும் மகள் அகல்யாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மகன் நந்தகுமாரும், முக்கியமாகத் தங்கள் தங்கை செல்வநாயகி அம்மாளின் இடுப்பும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

தாங்கள் பெண் பார்க்க வந்த அன்றே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாயைத் திறந்தபோது ஆட்டோ கிளம்பிவிட்டது. உள்ளே நுழைந்ததும் தாங்கள், "பால் மில்லு வச்சிருக்கீங்கன்னாங்களே, மாடெல்லாம் எங்கங்க?" என்று கேட்டீர்கள். ஐயா, அது பால் கறக்கிற மில் இல்லை. ஊறுகாய் ஜாடி செய்வதற்குக் களிமண்ணையும் கல்லையும் தண்ணீர் விட்டு ஒரு பெரிய டிரம்மில் போட்டு, குண்டுகளோடு உருட்டி அரைக்கிற மில்; குண்டுக்கு இங்கிலீஷில் பால். அரைத்து இறக்கினால் பார்க்கப் பால் மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு இருந்த பதற்றத்தில், "மேய்ச்சலுக்குப் போயிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

இப்போது புல்லி விஷயத்துக்கு வருகிறேன். மோட்டாரிலிருந்து பெல்ட் வந்து புல்லி என்கிற பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுழற்றும், அந்தப் புல்லி தான் மாட்டியிருக்கிற ஷாஃப்ட் என்கிற தண்டைச் சுழற்றும், ஷாஃப்ட் டிரம்மைச் சுழற்றும். புல்லியும் ஷாஃப்டும் வழுக்காமல் ஒன்றாகச் சுற்ற வேண்டுமானால் இரண்டிலும் பள்ளம் வெட்டி நடுவில் ஒரு இரும்புத் துண்டை இறுக்கமாக அடிக்க வேண்டும். பட்டறையில் அதற்குச் சாவி என்று பெயர். எங்கள் சாவி தேய்ந்து, பள்ளமும் அகன்றுபோய், தாங்கள் வருவதற்கு முன்பே புல்லி வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அகல்யா பார்த்துவிட்டு, "ஷாஃப்ட கழட்டி லேத்து பட்டறைக்கு அனுப்புப்பா, புதுசா பள்ளம் வெட்டி புதுச் சாவி போட்டாத்தான் நிக்கும்" என்றாள். அனுப்பினால் மில் நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் மில் ஓடாமல் கிடந்தால் நொடித்துப்போன கம்பெனி என்று நினைத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். பிஸ்கட் டின் தகரத்தை வெட்டிச் சொருகினேன், நசுங்கிவிட்டது. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடின் உடைந்த துண்டைச் சொருகினேன், பல் பல்லாக உதிர்ந்தது. புல்லியின் தலையில் இருக்கிற ஸ்க்ரூவை முறுக்கினேன், மரையே போய்விட்டது. கடைசியில் ஒரு கட்டை ஆணியைச் சாவி இருக்கிற இடத்தில் அடித்து இறக்கி, மேலே குங்குமம் வைத்தேன். குங்குமம் வைத்தது மட்டும்தான் சரியாக நின்றது.

தாங்கள் வந்து உட்கார்ந்தபோது கரண்ட் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். அகல்யா காபித் தட்டோடு வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. நான் பெருமையாக எழுந்து பக்கத்துக் கொட்டகைக்குப் போனேன். "அப்பா, வேணாம்ப்பா, புல்லி ஆடுது" என்று அவள் தட்டுக்கு மேலாகவே மெல்லச் சொன்னாள். "நீ காபிய குடும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மில் ஓடியது. கிறீச்சென்று ஒரு சத்தம். "அது எப்பவும் அப்படித்தாங்க" என்றேன். அகல்யா தங்கள் மகனைப் பார்க்காமல் பக்கவாசல் வழியாகப் புல்லியையே பார்த்தாள். வேப்பூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிற தங்கள் மகனோ என் மகளைப் பார்க்காமல் அதே புல்லியைப் பார்த்தார். பாதி எழுந்தும் விட்டார். செல்வநாயகி அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "டேய் நந்தா, பொண்ணு இங்க நிக்குது, அங்க என்னடா பார்வ?" என்று உட்கார வைத்தார்கள். அவர் உட்கார்ந்ததும் ஆணி தெறித்தது, பெல்ட் நழுவியது, புல்லி ஷாஃப்டை விட்டு இறங்கித் தனியாகக் கூடத்துக்குள் உருண்டு வந்தது. அரைத்து இறக்கி வைத்திருந்த களிமண் கரைசல் வாளிகளை வழியில் ஒரு இடி இடித்தது, கூடம் முழுக்க வெள்ளையாக ஓடியது. செல்வநாயகி அம்மாள் எழுந்து ஓடப் பார்த்து பட்டுப் புடவையோடு உட்கார்ந்துவிட்டார்கள். கொட்டகையிலிருந்து மில்லில் வேலை செய்கிற ஆள், "சாவி தெறிச்சிடுச்சு, தேடுங்க!" என்று கத்தினான். அந்த ஆணியைத்தான் அவன் மரியாதையாகச் சாவி என்றான். தாங்கள் பீரோ சாவி என்று நினைத்து, நல்ல மனதோடு முட்டி போட்டு பெஞ்சுக்கு அடியில் தேடினீர்கள். வெள்ளை வேட்டியில் வெள்ளைக் களிமண், அப்போது தெரியவில்லை. பஸ்ஸில் காய்ந்து தாங்கள் அசையும்போதெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியதாக, அதே பஸ்ஸில் வந்தவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். "சக்கரமே கழண்டு ஓடுற வூட்ல பொண்ணு எடுக்கணுமா?" என்று செல்வநாயகி அம்மாள் வாசலில் கேட்டார்கள்.

மறுநாளே ஷாஃப்டைப் பட்டறைக்கு அனுப்பினேன். புதுப் பள்ளம், புதுச் சாவி, கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் இறுக்கி அடித்தாயிற்று. இப்போது புல்லி ஆடவே இல்லை. அது ஓடும்போது நான் கொட்டகைப் பக்கம் போவதில்லை. அகல்யா, 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "அவங்க வூட்லேர்ந்து எதுனா சொல்லி அனுப்பினாங்களாம்மா?" என்று மட்டும் தன் அம்மாவிடம் ஒருநாள் கேட்டாள். நான் கட்டுத்தறியில் பிணைத்த கன்றுக்குட்டி மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

'அப்புறம் தகவல் பேசிக்கலாம்' என்று போனீர்கள். தகவல் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆகையால் நாங்களே இந்தச் சம்பந்தத்திலிருந்து விலகிக்கொள்கிறோம். நந்தகுமாருக்குச் சத்தமில்லாத வீட்டில் நல்ல பெண் அமைய வேண்டும். தவறு முழுவதும் என்னுடையது, என் பெண் மேல் ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் நாலு பேர் கேட்டால் சொல்லுங்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடும், சின்னவர்களுக்கு ஆசியும், செல்வநாயகி அம்மாளின் பட்டுப் புடவைக்குத் தனியாக என் வருத்தமும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
கொளஞ்சியப்பன்.

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் நந்தகுமாரும் இறங்குகிறீர்கள். "என்னங்கம்மா, உங்க பக்கத்துலேர்ந்து ஒரு தகவலும் காணோம்? பொண்ணு எங்க பையன ஏறெடுத்துக்கூட பாக்கல, புடிக்கல போலருக்குதுன்னு வூட்ல யாரும் சரியா சாப்புடறதில்ல. எதுவா இருந்தாலும் நேர்ல கேட்டுக்கலாம்னு வந்துட்டோம்" என்று சுலோச்சனாவிடம் தாங்கள் சொல்வது இங்கே எனக்கு நன்றாகக் கேட்கிறது. சுலோச்சனா அடுப்படியைத் திரும்பிப் பார்க்கிறாள். அகல்யாதான் அடுப்படியிலிருந்து, "புடிச்சிருக்குதுன்னு சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு" என்கிறாள். மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்கப்போவதில்லை. கொஞ்சம் பொறுங்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறேன்.